பெரிய வண்டி வேண்டாம்

எங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது நான். பின்னால் உட்கார்ந்து வருவது என் கணவர். கோவில்பட்டியில் எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாம் இப்போது சிரிப்பதை விட்டுவிட்டார்கள். மார்க்கெட் பக்கம் போனால், "டீச்சர், அண்ணாச்சிய எறக்கிவிட்டுட்டு ஒரு நிமிசம் இங்கன வந்துட்டுப் போங்க" என்று சாதாரணமாகக் கூப்பிடுகிறார்கள்.

முதலில் அப்படி இல்லை. அவர் உரக்கடை வைத்திருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஓட்டுவார், நான் ஒருபக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்து போவேன். வண்டி என்றால் அவருக்கு உயிர். சட்டையில் உரத்தூசி இருந்தாலும் தட்டிவிட மாட்டார். வண்டியின் டேங்கில் ஒரு கைரேகை இருக்க விடமாட்டார்.

பிறகு அவருடைய வலது கண்ணில் விழித்திரை விலகியது. மதுரையில் ஆபரேஷன் செய்தும் பார்வை திரும்பவில்லை. இடது கண் சின்ன வயதிலிருந்தே கெட்டிக் கண்ணாடியை நம்பி இருந்த கண். கடையைப் பார்க்கலாம், நடமாடலாம், வண்டி மட்டும் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அவர் அழவில்லை, யாரிடமும் எரிந்து விழவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"ஸ்கூட்டர் ஓட்டுதல்லா? இதுல கியர் மட்டுந்தான் கூட. இனி நீ ஓட்டு, நான் பின்னால இருந்துக்கிடுதேன்."

நான் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியை. எங்கள் ஊரில் ஹாக்கி மட்டையைத் தொடாமல் வளர்வது கஷ்டம். நானும் கல்லூரிவரை ஆடியவள். உடம்பு சொன்னதைக் கேட்கும். ஒரு வாரம் கிளச்சோடு மல்லுக்கட்டினேன். பின்னால் இருந்தபடியே அவர் "விடு, விடு, மெல்ல விடு" என்பார். அதன் பிறகு அவர் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. நான் நன்றாக ஓட்டுவேன். இதைச் சொல்லக் கூச்சப்படுகிற வயதைத் தாண்டிவிட்டேன்.

எனக்குப் பள்ளிக்கூடம் புதூர்ப் பக்கம். தினமும் வெகுதூரம். இருபுறமும் கரிசல் நிலம், மரம் குறைவு, கண்ணுக்கு எட்டியவரை நேர்கோடாகச் சாலை. முதலில் போக்குவரத்துக்கு என்று ஓட்டினேன். எப்போது அது ஆசையாக மாறியது என்று தெரியவில்லை. ஒருநாள் மாலை வீட்டுத் தெரு வந்தும் உள்ளே திரும்ப மனமில்லாமல் எட்டயபுரம் சாலையில் இன்னும் கொஞ்சதூரம் போய்விட்டு வந்தேன். அன்றைக்கு எனக்கே விளங்கிவிட்டது.

அந்தப் பழைய வண்டி தளர்ந்தபோது புது வண்டி எடுப்பது என்று முடிவானது. எந்த வண்டி என்பதில் என் கணவருக்குச் சந்தேகமே இல்லை. அறுநூற்றைம்பது சிசி ஸ்போர்ட்ஸ் பைக். கடையில் ஆள் இல்லாத நேரம் போனை இடது கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு அதன் வீடியோக்களைப் பார்ப்பார். பார்ப்பது பாதி, கேட்பது பாதி. என்ஜின் சத்தம் வரும் இடத்தில் கண்ணை மூடிக்கொள்வார். கண் நன்றாக இருந்த காலத்தில் கடையை நிமிர்த்துகிற பாட்டில் அது நடக்கவில்லை. இப்போது வாங்க முடியும், ஓட்ட முடியாது.

"நீ ஓட்டுதல்லா, அது போதும் எனக்கு" என்றார்.

அதே கம்பெனியில் அதே சாயலில் ஒரு நடுத்தர வண்டியும் இருந்தது. நானூறுக்குச் சற்றுக் குறைந்த சிசி. அதையும் பார்த்துவிடலாம் என்றேன். "பாக்கலாம், பாக்கலாம்" என்றார், துணிக்கடையில் கடைசிச் சேலையையும் விரித்துக் காட்டச் சொல்லும் மனைவியிடம் சொல்வதுபோல.

ஒரு சனிக்கிழமை இருவரும் திருநெல்வேலி ஷோரூமுக்குப் போனோம். அங்கிருந்த பையன் அவரிடமே எல்லாவற்றையும் விளக்கினான். அவரும் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஓட்டப்போறது அவிய தம்பி, அவியகிட்டச் சொல்லு" என்றார். பையன் தடுமாறி என் பக்கம் திரும்பினான். இரண்டு வண்டிக்கும் எடை எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டேன். சொன்னான். மனதுக்குள் கணக்குப் போட்ட என் கணவர், "ஒரு யூரியா மூட்டை கூட" என்றார்.

"அந்த ஒரு மூட்டைய நான் எதுக்குச் சொமக்கணும்?"

"நீ எங்கட்டி சொமக்க? வண்டில்லா சொமக்குது."

முதலில் பெரிய வண்டி. அவர் பின்னால் ஏறிக்கொண்டார். கங்கைகொண்டான் பக்கம் நாலுவழிச் சாலையில் ஏறியதும் கையை லேசாகத் திருகினேன். அவ்வளவுதான் நான் செய்தது. சாலை எங்களுக்கு அடியில் சுருட்டப்படுவதுபோல் வந்தது. லாரிகளைக் கடந்தோம் என்று சொல்ல முடியாது. லாரிகள் இல்லாமல் போயின. என் முதுகுக்குப் பின்னால் அவர் சத்தம்போட்டுச் சிரித்தார். கண் போனதிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டிருக்கவில்லை. மறுபக்கச் சாலையில் ஏறுவதற்காகப் பாலத்துக்கு அடியில் ஜல்லி சிதறிக் கிடந்த இடத்தில் மெதுவாகத் திருப்பினேன். வண்டியின் பாரமும் அவருடைய பாரமும் ஒன்றாக இடதுபக்கம் சரியப் பார்த்தன. கால் ஊன்றாமல் நிமிர்த்திவிட்டேன்.

அந்த வண்டியை என்னால் ஓட்ட முடிந்தது என்பதை இங்கே எழுதியாக வேண்டும். முடியாமல் விட்டேன் என்று நினைத்தவர்கள் பிறகு நிறைய.

அடுத்து மற்ற வண்டி. இதில் முதலில் நான் மட்டும் போனேன். அதே சாலை. கையைத் திருகினால் அது உடனே பாயவில்லை. மீட்டரில் ஊசி மேலே ஏற ஏறத்தான் குரல் மாறியது. சரியான இடத்தில் கியரை மாற்றினால் ஓடியது, கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் முனகியது. என்னை வேலை வாங்கியது. என்ஜினின் கடைசிச் சொட்டுவரை நான் கேட்டேன், அதுவும் கொடுத்தது. அப்படியும் சாலை என் கைக்குள்தான் இருந்தது. அதே பாலத்துக்கு அடியில் திரும்பியபோது வண்டி என் இடுப்பு சாய்ந்த பக்கம் தானாகச் சாய்ந்து நிமிர்ந்தது. கல்லூரியில் எங்கள் அணிக்குப் புது மட்டைகள் வந்தபோது எல்லாரும் கனமான மட்டைக்குப் பாய்ந்தார்கள், பந்து தூரம் போகும் என்று. நான் நடுக்களத்தில் ஆடுகிறவள். எனக்கு மணிக்கட்டோடு திரும்புகிற மட்டைதான் வேண்டியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஒருநாளும் வருந்தியதில்லை.

திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றும்போதே முடிவு செய்திருந்தேன். அவரையும் ஏற்றி ஒரு சுற்று போனேன். அவர் சிரிக்கவில்லை. "சீட்டு ஒசரமா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

ஷோரூம் பையனிடம் யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டோம். கயத்தாறில் டீ குடிக்க நிறுத்தியபோதுதான் அவர் வாய் திறந்தார்.

"பெருசையே எடுத்துருவமா?"

"வேண்டாம். அந்த இன்னொண்ணு."

"பயமாட்டி?"

"பயமா? பாலத்துக்கடியில காலூனாமத் திருப்பினேன்லா?"

"அதான் கேக்கேன். ஓட்டத்தான் தெரியுதே, பின்ன என்ன?"

எனக்கும் அதுவரை அது வார்த்தையாக வந்திருக்கவில்லை. டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "பெரிய வண்டியில போகும்போது நீங்க ஓட்டுதீங்க. என் கைய வாங்கி நீங்க ஓட்டுதீங்க. நீங்க சிரிச்சா எனக்கும் சந்தோசந்தான். ஆனா தெனமும் புதூருக்குப் போயிட்டு வாரது நானு. நான் ஓட்டணும்லா?"

அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சாலையைப் பார்த்தார். "சரி" என்றார். கோவில்பட்டி வரும்வரை அந்த ஒரு வார்த்தைதான்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஏற்கெனவே ஒன்றை இழந்த மனிதரிடமிருந்து இன்னொன்றையும் நான் பிடுங்கிக்கொண்டதுபோல் இருந்தது. அன்று இரவு சமைக்கும்போது பேசாமல் பெரியதையே எடுத்துவிட்டால் என்ன என்றுகூட நினைத்தேன். நினைத்துப் பார்த்தால் எனக்கு வந்தது இரக்கம். அவர்மேல் இரக்கப்பட்டு ஒரு வண்டியை எடுத்து, ஒவ்வொரு காலையும் அந்த இரக்கத்தை ஸ்டார்ட் செய்து பள்ளிக்கூடத்துக்குப் போவதா? அவருக்கே அது தெரிந்தால் பிடிக்காது. வேண்டாம் என்ற இடத்திலேயே நின்றேன்.

செய்தி கடைக்குப் போய்ச் சேர்ந்தது. நான் சாப்பாடு கொண்டுபோயிருந்த நேரம், பசுவந்தனையிலிருந்து உளுந்து விதை வாங்க வந்திருந்த பெரியவர் ஒருவர் மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் நின்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னவே, பெரிய வண்டி எடுக்கப்போறீருன்னாங்க. டீச்சர் பயந்துட்டாவளோ?"

நான் உள்ளே போகாமல் நின்றுவிட்டேன். என் கணவர் தராசைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்: "பயம்லாம் அவளுக்குக் கெடையாதுவே. நாந்தான் பின்னால கம்பியப் புடிச்சுக்கிட்டு வாரேன். ஓட்டுதவ அவ, அவளுக்குப் புடிச்சத எடுக்கா. உமக்கு எத்தனை கிலோ போடணும், அதச் சொல்லும்."

நான் சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டு ஒன்றும் கேட்காததுபோல் வந்துவிட்டேன். அடுத்த வாரமே நடுத்தர வண்டிக்குப் பணம் கட்டினோம்.

நடுத்தரம் என்று நான் சொல்வது அந்தப் பெரியதோடு ஒப்பிட்டுத்தான். எங்கள் பள்ளிக்கூட வாசலில் அதைவிடப் பெரிய வண்டி வந்து நின்றதில்லை. முதல்நாள் நான் போய் இறங்கியபோது பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் மாடி வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். தலைமையாசிரியர், "டீச்சர், இதுல சாக்பீஸ் டப்பா வைக்கக்கூட எடம் இல்லையே" என்று கவலைப்பட்டார். உண்மைதான். காய்கறிப் பை, ஹாக்கிப் பந்துகள், சாப்பாட்டுத் தூக்கு எல்லாம் முதுகுப்பைக்கு மாறின.

பின்சீட்டு விஷயத்திலும் என் கணவர் சொன்னதே சரி. அது சீட்டே இல்லை, ஒரு மணைப்பலகை. என் தலைக்குமேல் அவர் தலை தெரியும். ஊருக்குள் போனால் தேர்மேல் உட்கார்ந்து வருகிறவர்போல் இருப்பார். நாலு பேர் சொன்னபிறகு அவரே அதை வேடிக்கையாக்கிக்கொண்டார். தெரிந்தவர்களைக் கண்டால் மேலேயிருந்து கையாட்டுவார்.

காத்தடி காலத்தில் இந்த வண்டியின் குறையையும் பார்த்தேன். ஆனி ஆடியில் எங்கள் கரிசல் வெளியில் குறுக்கே அடிக்கிற காற்றுக்கு அணை கிடையாது. கனமான வண்டி நிதானமாகப் போகும். என் வண்டி ஒவ்வொரு வீச்சுக்கும் அரையடி நகரும். சாய்த்துப்பிடித்து ஓட்டப் பழகிக்கொண்டேன். ஆனால் புதூருக்கு முன்னால் ஆட்டுக்கூட்டம் சாலையை மறித்து வரும்போது அதை நிறுத்துவதும், கடைசி ஆடு எந்தப் பக்கம் துள்ளும் என்று பார்த்து நெளிந்து வெளியே வருவதும் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு.

ஐப்பசியில் நல்ல மழை பெய்தது. அவருடைய குடும்ப நிலம் பசுவந்தனைக்குப் பக்கத்தில் இருக்கிறது, மானாவாரி. விதைப்பு எப்படி முளைத்திருக்கிறது என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை போனோம். சாலையில் ஓரிடத்தில் சிறுபாலம் வேலை நடந்ததால் வயலுக்குள் வெட்டிய மாற்றுப்பாதையில் இறக்கிவிட்டார்கள். ஈரக் கரிசல். பத்தடி போவதற்குள் சக்கரத்தில் மண் அப்பி, மட்கார்டுக்குள் போய் இறுகி, முன்சக்கரம் சுற்றவே மாட்டேன் என்று நின்றுவிட்டது. மெல்ல வண்டி ஒருபக்கமாகப் படுத்தது. நாங்களும் அதோடு சேர்ந்து சேற்றில் உட்கார்ந்தோம்.

"அடி கிடி பட்டுச்சாட்டி?"

"இல்ல. உங்களுக்கு?"

"எனக்கென்ன, மெத்தைல்லா."

வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கைப்பிடியையும் பின்கம்பியையும் பிடித்து, காலால் உந்தி அதை நிமிர்த்தினேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் கருவேலங்குச்சி ஒடித்துச் சக்கரத்தைக் குத்திச் சுரண்டினோம். பார்வை எட்டாத இடத்தை அவர் விரலால் தடவி மண்ணைத் தோண்டி எடுத்தார். பெரிய வண்டியாக இருந்திருந்தாலும் இதே கதிதான் என்றேன். கரிசலுக்கு சிசி தெரியாது. அவர் கையில் ஒட்டிய மண்ணை உருட்டிக்கொண்டே, "அத நீ ஒருத்தியாத் தூக்கியிருக்க முடியாது" என்றார். "கஷ்டந்தான்" என்றேன். சக்கரம் சுற்றியதும் கிளம்பினோம். வயலில் உளுந்து நன்றாக முளைத்திருந்தது.

தை மாதத்தில் அவருடைய கல்லூரித் தோழர், தீப்பெட்டித் தொழிற்சாலை நடத்துகிறவர், அந்த அறுநூற்றைம்பதை வாங்கினார். அதே வண்டி, அதே நிறம். காலையில் எங்கள் வாசலில் வந்து நிறுத்தினார். சத்தம் கேட்டே என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"ஏறும்வே, கடம்பூர் போயிட்டு வருவோம், போளி வாங்கலாம்" என்றார் தோழர். என்னைப் பார்த்து, "மதினி, நீங்களும் உங்க வண்டியில வாங்க" என்றார்.

அவர்கள் முன்னால் போனார்கள். ஊர் தாண்டியதும் தோழர் முறுக்கினார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் ஒரு புள்ளியாகி மறைந்தார்கள். நான் துரத்தவில்லை. எனக்கு என் வேகம் இருந்தது. பின்னால் பாரமில்லாமல் விடுமுறைநாள் காலையில் நான் என் வண்டியில் போனது அதுதான் முதல்தடவை. மக்காச்சோளம் அறுத்த காடுகள் இரண்டு பக்கமும் வெளிறிக் கிடந்தன. வளைவுகள் வந்தால் கியரை ஒன்று குறைத்து உள்ளே நுழைந்து, வெளியே வரும்போது முழுக்கத் திருகினேன். பொறாமை ஏதாவது வருகிறதா என்று எனக்குள்ளேயே பார்த்தேன். வரவில்லை.

கடம்பூருக்குள் ரயில்வே கேட் அடைத்திருந்தது. இரண்டு பேரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்கள். கூட்ஸ் ரயில் இன்னும் வரவே இல்லை. என் கணவர் முகம் சிவந்திருந்தது. மறைக்காமல் சொன்னார்: "ஏட்டி, என்னா இழுப்பு! வயிறு அங்கனயே நிக்கி, ஆளு இங்கன வந்துட்டேன்."

"நல்லா இருந்துச்சா?"

"அருமையா இருந்துச்சு."

போளி வாங்கி, கடை முன்னாலேயே நின்று சூடாக ஆளுக்கு இரண்டு சாப்பிட்டோம். கிளம்பும்போது தோழர் என்னிடம் சாவியை நீட்டினார், கொஞ்சம் சீண்டலாக. "மதினி, ஓட்டிப் பாக்கீங்களா? பயமா இருந்தா வேண்டாம்."

"குடுங்க" என்றேன்.

என் சாவியை அவரிடம் கொடுத்தேன். என் கணவர் யோசிக்காமல் வந்து எனக்குப் பின்னால் ஏறிக்கொண்டார். அவர் ஆசைப்பட்டபடியே, பெரிய வண்டி, ஓட்டுவது நான். கோவில்பட்டிவரை நன்றாகவே ஓட்டினேன். நேர்ச்சாலையில் அவருக்காக ஒருமுறை முழுவேகத்தில் விட்டேன். அழகான வண்டி அது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வாசலில் நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்தபோது, அதைத் திருப்பிக் கொடுப்பதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

சற்று நேரம் கழித்து என் வண்டியில் வந்து சேர்ந்த தோழர் ஹெல்மெட்டைக் கழற்றியதும், "சேட்ட புடிச்ச வண்டி மதினி இது. சும்மா இருக்க விடமாட்டேங்குதே" என்றார். இரண்டு பேரும் சாவியை மாற்றிக்கொண்டோம். அவர் போனபிறகு என் கணவர் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார்.

"இன்னைக்கு ஏன் பாடல?" என்றார்.

"யாரு?"

"நீதான். நம்ம வண்டியில வந்தா ஹெல்மெட்டுக்குள்ள பாடிக்கிட்டேல்லா வருவ. கியர் மாத்தும்போது நிறுத்துவ, மாத்திட்டு மறுபடி ஆரம்பிப்ப. அதுல ஏறினதுலருந்து ஒரு சத்தத்தையும் காணோம்."

நான் அப்படிப் பாடுகிறேன் என்பதே எனக்குத் தெரியாது. முகம் சூடாகிவிட்டது. "என்ன பாட்டு பாடுதேன்?" என்று கேட்டேன்.

"பாட்டா அது? ஒரு ராகமும் கெடையாது. சும்மா ஒரு சத்தம்" என்றார். பிறகு போளிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு, நாளைக்குக் கடைக்குச் சரக்கு லாரி வருகிறது, தன்னைக் காலையிலேயே அங்கே இறக்கிவிட முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன்.